நீக்கியது வேறு, அழித்தது வேறு

அறிந்து நடப்போம்



வழக்கமாக இப்பகுதியில் பத்திரங்கள், பதிவுகள், பிள்ளைகளின் பள்ளிக்கூட அலுவல்கள் என்று எழுதி வருகிறோம். இம்முறை எழுதப் போவது, அந்தப் பத்திரங்கள் எல்லாம் கடைசியில் போய்த் தங்கும் ஓர் இடத்தைப் பற்றி. நம் வீட்டு அலுமாரியின் அடித்தட்டில் தூசி பிடித்துக் கிடக்கும் பழைய கணனிதான் அது.

2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு விண்டோஸ் 10 என்னும் இயங்குதளத்துக்கு மைக்ரோசொப்ட் நிறுவனம் கொடுத்து வந்த வழமையான ஆதரவு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11ஐ ஏற்கும் வசதி இல்லாத கணனிகள், நல்ல நிலையில் இருந்தாலும், "இனி இது உதவாது" என்ற பேச்சுக்கு ஆளாகின்றன. கைத்தொலைபேசிகளோ இரண்டு மூன்று வருடங்களுக்கு ஒருமுறை மாறுகின்றன. பழையது எங்கே போகிறது? சில, ஊருக்குப் போகிறவரின் பெட்டியில் ஏறி மருமகனின் படிப்புக்குப் போகின்றன. சில, தெரிந்தவருக்கு இருபது முப்பது யூரோவுக்குக் கைமாறுகின்றன. மற்றவை தெருமுனைக் குப்பைத் தொட்டியின் ஓரத்தில் வைக்கப்படுகின்றன. மூன்று சில்லு 'லாப்பா' வண்டியில் இரும்பும் பித்தளையும் பொறுக்கி வருபவர் அதைத் தூக்கிப் போகிறார். பல்லாரோ சந்தைக்குப் பக்கத்தில் அல்பெர்கேரியா பகுதியில் கூடும் பழம்பொருட் சந்தைக்குப் போனவர்கள், நிலத்தில் விரித்த துணியின் மேல் பழைய தொலைபேசிகளும் கணனிகளும் வரிசையாக இருக்கக் கண்டிருப்பீர்கள். அங்கே விற்பவர்மேல் குற்றம் ஒன்றுமில்லை. அது ஏழைகளின் பிழைப்பு. நாம் எறிந்ததை அவர்கள் எடுத்து விற்கிறார்கள். எறிகிற நாம் என்ன சேர்த்து எறிகிறோம் என்பதே கேள்வி.

உள்ளே இருப்பது என்ன?

ஒரு கணம் எண்ணிப் பாருங்கள். சொஜோர்னோ புதுப்பிப்பதற்காக ஸ்கான் செய்த கடவுச்சீட்டின் எல்லாப் பக்கங்களும், கோதிச்சே பிஸ்காலேயும், வேலை ஒப்பந்தமும், சம்பளத் துண்டுகளும், வாடகை ஒப்பந்தமும் அங்கே இருக்கின்றன. மனைவி பிள்ளைகளை அழைப்பிப்பதற்காக அனுப்பிய பிறப்பு, விவாக அத்தாட்சிப் பத்திரங்களும், ஊர்க் காணி உறுதியின் பிரதியும் இருக்கின்றன. வங்கிக்கும் மின்னஞ்சலுக்கும் உரிய கடவுச்சொற்களைக் கணனியே 'நினைவில் வைத்துக்கொள்ளட்டும்' என்று விட்டிருப்போம். குடும்பப் படங்களைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இவற்றுள் பாதி நம்முடையவை அல்ல. இத்தாலிய மொழி நன்றாகத் தெரிந்த பிள்ளை உள்ள வீட்டுக் கணனி, அந்தத் தெருவில் உள்ள தமிழருக்கெல்லாம் ஒரு கந்தோராக இருந்திருக்கும். மேல்மாடி அக்காவின் விண்ணப்பம், கோயிலில் பழக்கமான ஐயாவின் ஓய்வூதியக் கடிதம், புதிதாய் வந்த தம்பியின் அகதி விண்ணப்ப வாக்குமூலம் எல்லாம் அதிலேதான் தட்டச்சாகி, அதிலேதான் அச்சாகியிருக்கும். அந்த வாக்குமூலத்தில் ஊரில் இன்னும் வாழ்கின்றவர்களின் பெயர்களும் விலாசங்களும் இருக்கும். அவர்கள் நம்மை நம்பித் தந்தது அது. அந்தப் பிள்ளை வளர்ந்து மிலானோவுக்கோ லண்டனுக்கோ போய்விட்டது. கணனி மட்டும் வீட்டில் நிற்கிறது. அதைத் தெருவில் வைப்பவர், தம் பொருளை மட்டும் தெருவில் வைக்கவில்லை.

டிலீற் செய்தால் போகாதா?

"எல்லாவற்றையும் டிலீற் செய்துவிட்டோம், குப்பைக் கூடையையும் காலி செய்துவிட்டோம்" என்று பலர் சொல்வார்கள். இங்கேதான் தவறு நேர்கிறது.

விஜயதசமியன்று ஏடு தொடக்கும் பிள்ளை தட்டில் பரப்பிய அரிசியிலே 'அ' எழுதுகிறது. கையால் ஒருமுறை தடவி மட்டமாக்கினால் எழுத்துப் போய்விடும். டிலீற் என்பதும் அப்படித்தான் என்று நாம் எண்ணுகிறோம். உண்மை வேறு. எழுதிய தட்டின் மேல் ஒரு துணியைப் போட்டு, "இது காலியான தட்டு, வேண்டுமானால் இதில் எழுதலாம்" என்று ஒரு துண்டை வைப்பதே டிலீற். துணியை விலக்கத் தெரிந்தவன் எழுத்தை வாசித்துவிடுவான்.

கணனி தன் வட்டில் எந்தக் கோப்பு எந்த இடத்தில் கிடக்கிறது என்று ஓர் அட்டவணை வைத்திருக்கிறது. டிலீற் செய்யும்போது அட்டவணையில் உள்ள அந்த வரி மட்டுமே எடுபடுகிறது. கோப்பு கிடந்த இடத்திலேயே கிடக்கும். அந்த இடத்தின்மேல் வேறொன்று எழுதப்படும்போதுதான் பழையது மறையும். அது நாளையும் நடக்கலாம், பல வருடம் நடக்காமலும் போகலாம். 'வேகமான ஃபோமற்' செய்தாலும் இதே கதைதான். பழைய அட்டவணையை எறிந்துவிட்டுப் புதிய வெற்று அட்டவணையை வைக்கிறது, அவ்வளவே. இப்படிக் கிடப்பவற்றைத் தேடி எடுக்கும் மென்பொருட்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. தவறுதலாய் அழித்த கல்யாணப் படத்தை மீட்கவும் அவைதான் உதவுகின்றன. பிறர் வீட்டுப் பத்திரத்தைத் திருடவும் அவைதான் உதவுகின்றன.

நாம் வாழும் நகரத்தின் சாட்சி

இதற்கு உதாரணம் தேடித் தூரம் போக வேண்டியதில்லை. பலேர்மோவின் வரலாற்றிலேயே இருக்கிறது.

1992 மே 23ஆம் திகதி, விமான நிலையத்திலிருந்து நகருக்கு வரும் நெடுஞ்சாலையில், கபாச்சி என்னுமிடத்தில் வெடித்த குண்டினால் நீதவான் ஜொவான்னி ஃபல்கோனேயும், அவர் துணைவியார் பிரான்செஸ்கா மொர்வில்லோவும், மெய்க்காவலர் மூவரும் கொல்லப்பட்டனர். இன்று அந்த விமான நிலையம் அவர் பெயரையும் அவர் தோழர் பவுலோ போர்செல்லீனோவின் பெயரையும் தாங்கி நிற்கிறது. ஃபல்கோனே அக்காலத்திலேயே கணனியைப் பழகியவர். காசியோ நிறுவனத்தின் சிறிய இலத்திரனியல் நாட்குறிப்பிலே சந்திப்புகளையும் குறிப்புகளையும் பதிந்து வந்தவர். அவர் இறந்தபின் அவருடைய கருவிகளை ஆராயும் பணி, ஜொவாக்கீனோ ஜென்கி என்னும் பொலிஸ் அதிகாரி உட்பட்ட நிபுணர்களிடம் ஒப்படைக்கப்பட்டது. நாட்குறிப்பின் நினைவகம் அழிக்கப்பட்டிருந்ததை அவர்கள் கண்டார்கள். அழிந்ததாகக் கருதப்பட்ட பதிவுகளை மீட்டும் எடுத்தார்கள்.

ஐம்பத்தேழு நாட்கள் கழித்து, ஜூலை 19ஆம் திகதி, தாமெலியோ வீதியில் போர்செல்லீனோவும் மெய்க்காவலர் ஐவரும் கொல்லப்பட்டனர். அவர் கூடவே வைத்திருந்த சிவப்பு அட்டை நாட்குறிப்பு அன்று மறைந்தது. அவருடைய தோற்பை கிடைத்தது. நாட்குறிப்பு இன்றுவரை கிடைக்கவில்லை.

இந்த இரண்டு நிகழ்வுகளின் அரசியலை ஆராய்வது இப்பகுதியின் வேலை அல்ல. நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் ஒன்றுண்டு. கடதாசியில் எழுதிய நாட்குறிப்பு கைமாறியதும் அடியோடு போய்விட்டது. இலத்திரனியல் நாட்குறிப்போ அழிக்கப்பட்ட பின்னும் பேசியது. கடதாசியைப் பற்றி நமக்கு இருக்கும் அனுபவ அறிவை அப்படியே கணனிக்குப் பொருத்தக் கூடாது. கிழித்தால் போய்விடும் என்பது கடதாசியின் நியாயம். வட்டின் நியாயம் வேறு.

உலகத்திலும் இதற்குச் சான்றுகள் ஏராளம். சிம்சன் கார்ஃபிங்கல், அபி ஷெலத் என்னும் அமெரிக்க ஆய்வாளர் இருவர், பிறர் பாவித்து விற்ற 158 ஹாட் டிஸ்குகளை வாங்கி ஆராய்ந்து, 2003இல் முடிவை வெளியிட்டார்கள். இயங்கிய 129 வட்டுகளில் முறையாகத் துடைக்கப்பட்டிருந்தவை 12 மாத்திரமே. மற்றவற்றில் ஆயிரக்கணக்கான கடனட்டை இலக்கங்களும், அந்தரங்கக் கடிதங்களும், ஒரு வங்கியின் பணம் எடுக்கும் இயந்திரத்தில் பதிவான கணக்கு விபரங்களும் இருந்தன.

பெரிய நிறுவனங்களும் தப்பவில்லை. இங்கிலாந்தில் பிறைற்றன் நகர மருத்துவமனை அறக்கட்டளை ஒன்று, அழிக்கும்படி ஒப்படைத்த வட்டுகள் அழிக்கப்படாமல் இணைய ஏலத்தில் விற்கப்பட்டதால், 2012இல் 325,000 பவுண் தண்டம் விதிக்கப்பட்டது. நோயாளர்களின் விபரங்கள் அவற்றில் இருந்தன. அமெரிக்காவில் மோர்கன் ஸ்ரான்லி நிறுவனம், தரவழிப்பில் அனுபவமே இல்லாத, சாமான் ஏற்றி இறக்கும் ஒரு கம்பனியிடம் பழைய வட்டுகளைக் கொடுத்தது. அவையும் ஏலத்துக்குப் போயின. 2022 செப்டெம்பரில் நிறுவனம் 35 மில்லியன் டொலர் தண்டம் செலுத்த இணங்கியது. சட்டத்தரணிகளும் பொறியியலாளர்களும் நிறைந்த இடத்திலேயே இந்தக் கதை என்றால், நாம் எவ்வளவு கவனமாய் இருக்க வேண்டும்!

முதலில் படி எடுங்கள்

அழிப்பதைப் பற்றிச் சொல்லுமுன் காப்பதைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவசரத்தில் அழித்துவிட்டுப் பிறகு அழுவதில் பயனில்லை.

ஏடு தேடி ஊர் ஊராக அலைந்த உ. வே. சாமிநாதையர், கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் இருந்த பழைய ஏடுகளைத் தேடிப் போனபோது, அவை சாத்திர முறைப்படி என்று சொல்லித் தீயில் இடப்பட்டுவிட்டதை அறிந்து மனம் நொந்ததைத் தம் எழுத்தில் பதிந்திருக்கிறார். பழுதான ஏட்டைப் புதிய ஏட்டில் பெயர்த்து எழுதிய பின்பே பழையதைக் கழிக்க வேண்டும் என்பதே முறை. பெயர்த்து எழுதுவதை விட்டார்கள்; கழிப்பதை மட்டும் செய்தார்கள். நம் தலைமுறைக்கோ இதைப் பற்றிச் சொல்லித் தர வேண்டியதில்லை. 1981 மே 31 இரவும் ஜூன் 1ஆம் திகதியும் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது, ஏறத்தாழ 97,000 நூல்களோடு, வேறெங்கும் பிரதி இல்லாத ஏடுகளும் சாம்பலாயின. படி இல்லாத பொருள் ஒருமுறைதான் அழியும். பிறகு யாராலும் திருப்பித் தர முடியாது.

ஆகவே பழைய கணனியைத் திறந்து, வேண்டியவற்றைப் புதிய கணனிக்கோ வெளி வட்டு ஒன்றுக்கோ மாற்றுங்கள். முக்கியமான பத்திரங்களுக்கும் படங்களுக்கும் இரண்டு படிகள் இருக்கட்டும். ஒன்று வேறு வீட்டில் இருப்பது நல்லது. மாற்றியவற்றை வேறு கணனியில் திறந்து பாருங்கள். கோப்பின் பெயர் தெரிவது போதாது, படம் தெரிய வேண்டும். இறந்துபோன தாய் தகப்பனின் குரல் பதிந்த ஒரு சிறு கோப்பு ஏதோ ஒரு மூலையில் கிடக்கலாம். நிதானமாய்த் தேடுங்கள்.

அதன்பின், அந்தக் கருவியில் திறந்து வைத்திருக்கும் மின்னஞ்சல், வங்கி, கூகிள், அப்பிள் கணக்குகளிலிருந்து வெளியேறிவிடுங்கள். தொலைபேசியில் இதைச் செய்யாமல் கொடுத்தால், வாங்கியவருக்கும் அது திறக்காது, நமக்கும் தொல்லை.

துடைப்பது எப்படி?

பழைய கணனிகளில் இருப்பது பெரும்பாலும் சுழலும் காந்த வட்டு. ஹாட் டிஸ்க் என்பது அதுவே. புதிய கணனிகளில் இருப்பது சுழலாத 'எஸ்.எஸ்.டி.' விண்டோஸ் கணனியில் 'டாஸ்க் மனேஜரை'த் திறந்து வட்டின் பகுதியைப் பார்த்தால் எது என்று தெரிந்துகொள்ளலாம். இரண்டுக்கும் முறை வேறு.

காந்த வட்டைத் துடைப்பது, தட்டில் உள்ள அரிசியை உண்மையாகவே தடவி மட்டமாக்குவதுதான். வட்டின் ஒவ்வொரு இடத்தின் மேலும் வெறும் பூச்சியங்களை எழுத வேண்டும். வெளி வட்டு என்றால், விண்டோஸில் ஃபோமற் செய்யும்போது 'ஃபோர்மத்தாத்ஸியோனே வெலோச்சே' என்ற கட்டத்தில் இருக்கும் சரி அடையாளத்தை எடுத்துவிடுங்கள். அப்போது கணனி முழு வட்டின் மேலும் பூச்சியம் எழுதும். கணனியின் உள்ளே உள்ள வட்டு என்றால், கணனியை மீளமைக்கும் வசதியைத் திறந்து, எல்லாவற்றையும் அகற்றும்படி சொல்லி, கூடவே தரவுகளைத் துப்புரவாக்கும் தெரிவையும் இயக்க வேண்டும். இந்தக் கடைசித் தெரிவை விட்டால் வேலை அரைகுறையாய் நிற்கும். ஒரு டெராபைட் வட்டுக்குச் சில மணித்தியாலங்கள் பிடிக்கும். இரவில் ஆரம்பித்து, மின்கம்பியைச் செருகியபடி விட்டுவிட்டுத் தூங்கப் போங்கள்.

"முப்பத்தைந்து தடவை எழுத வேண்டுமாமே?" என்று சிலர் கேட்பதுண்டு. பீற்றர் குட்மன் என்னும் ஆய்வாளர் 1996இல் எழுதிய கட்டுரையிலிருந்து வந்த கணக்கு அது. அக்காலத்து வட்டு வகைகள் எல்லாவற்றையும் சேர்த்துச் சொன்ன எண்ணிக்கை. இத்தாலியத் தரவுப் பாதுகாப்பு அதிகாரசபை 2008இல் விடுத்த அறிவுறுத்தலிலும் ஏழு முதல் முப்பத்தைந்து தடவை என்ற பேச்சு உண்டு. இன்றைய காந்த வட்டுகளுக்கு முழுவதும் ஒருமுறை எழுதினால் பொதுவாகப் போதும் என்பதே அமெரிக்கத் தர நிறுவனத்தின் 2014ஆம் ஆண்டு வழிகாட்டியின் நிலை. முப்பத்தைந்து தடவை எழுத வேண்டுமே என்று பயந்து ஒருமுறையும் எழுதாமல் விடுவதுதான் உண்மையான ஆபத்து.

எஸ்.எஸ்.டி.யின் குணம் வேறு. அதன் சிற்றறைகள் எழுத எழுதத் தேயும். ஓர் அறையே தேய்ந்து போகாதிருக்க, அது தன் விருப்பப்படி இடம் மாற்றி மாற்றி எழுதும். நாம் "இந்த இடத்தின் மேல் எழுது" என்றால், அது வேறோர் இடத்தில் எழுதிவிட்டுப் பழையதை மறைவில் வைத்திருக்கும். கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாக ஆய்வாளர்கள் 2011இல் இதைச் சோதித்து, தனிக் கோப்புகளின் மேல் எழுதும் முறை இவ்வகை வட்டுகளில் நம்பத்தக்கதல்ல என்று காட்டினார்கள். எனவே இதற்கு இரண்டு வழிகள். ஒன்று, வட்டைச் செய்த நிறுவனம் தரும் மென்பொருளால், வட்டுக்குள்ளேயே அமைந்திருக்கும் முழு அழிப்புக் கட்டளையை இயக்குவது. மற்றது, கணனியை வாங்கிய அன்றே வட்டு முழுவதையும் குறியாக்கம் செய்து பூட்டி வைப்பது. பூட்டிய பெட்டிக்கு ஒரே திறவுகோல்தான். கொடுக்கும் நாளில் திறவுகோலை அழித்துவிட்டால் உள்ளே மிஞ்சியிருப்பது யாருக்கும் வாசிக்க முடியாத கிறுக்கல்.

கைத்தொலைபேசிகள் இந்த வழியில்தான் நடக்கின்றன. ஐபோன்களும், அண்மைய அன்ட்ரொய்ட் தொலைபேசிகளும் தம் நினைவகத்தைத் தாமே பூட்டி வைத்திருப்பவை. அமைப்புகளுக்குள் போய் எல்லாவற்றையும் அழிக்கும் கட்டளையைக் கொடுத்தால் திறவுகோல் அழியும், அது போதும். ஆனால் சிம் அட்டையையும் மெமரிக் கார்டையும் கழற்ற மறக்கக் கூடாது. தொலைபேசியை அழித்துவிட்டு மெமரிக் கார்டை உள்ளே விட்டுக் கொடுப்பது, வீட்டைப் பூட்டிவிட்டு அலுமாரியை வாசலில் வைப்பது போலாகும். மெமரிக் கார்டும் பென் டிரைவும் விலை குறைந்தவை. முக்கியமான பத்திரங்கள் இருந்தவற்றைப் பிறருக்குக் கொடுக்காமல், உள்ளே உள்ள கறுப்புச் சில்லு உடையும்படி நொறுக்கிவிடுவதே நல்லது.

பழுதான வட்டு பத்திரமானதா?

"கணனி ஓடவே இல்லை, பிறகென்ன பயம்?" என்று எண்ண வேண்டாம். கணனி ஓடாவிட்டாலும் வட்டு பெரும்பாலும் நல்ல நிலையில் இருக்கும். கழற்றி வேறொன்றில் பூட்டினால் எல்லாம் தெரியும். 2003 பெப்ரவரி 1ஆம் திகதி கொலம்பியா விண்கலம் பூமிக்குத் திரும்பும்போது வானிலேயே சிதறியது. அதிலிருந்த ஒரு ஹாட் டிஸ்க், எரிந்து உருக்குலைந்த நிலையில் நிலத்தில் கண்டெடுக்கப்பட்டது. அதிலிருந்த ஓர் ஆய்வின் தரவுகளில் ஏறத்தாழ 99 வீதத்தை மீட்டெடுத்தார்கள். ஆகாயத்திலிருந்து எரிந்து விழுந்த வட்டே பேசியது என்றால், மேசையிலிருந்து விழுந்த வட்டு பேசாதா?

மென்பொருளால் துடைக்க முடியாத வட்டைக் கழற்றி எடுத்து உடைக்க வேண்டும். மின் துளைகருவியால் உள்ளே உள்ள தட்டுகளை ஊடுருவிச் சில துளைகள் இட்டால், வீட்டுத் தேவைக்கு அது போதும். மடிக்கணனி வட்டுகளின் தட்டு கண்ணாடியாலும் செய்யப்பட்டிருக்கும். சிதறினால் கண்ணுக்கு ஆபத்து. கண்ணாடியும் கையுறையும் அவசியம். நெருப்பில் போட வேண்டாம், நச்சுப் புகை வரும். குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டும் காந்தத்தால் தேய்ப்பது வீண் வேலை. பற்றரி உள்ள தொலைபேசியையோ மடிக்கணனியையோ முழுதாக வைத்துத் துளைக்கவே கூடாது, பற்றரி தீப்பிடிக்கும்.

எங்கே கொடுப்பது?

துடைத்த பின் பொருளை ஊருக்கு அனுப்புவதும், தேவைப்படுவோருக்குக் கொடுப்பதும் நல்ல காரியங்களே. அதற்கும் உதவாததை இத்தாலியச் சட்டம் 'ராஎ' என்று குறிக்கும் மின், இலத்திரனியல் கழிவாகக் கையளிக்க வேண்டும். பலேர்மோவில் நகரத் துப்புரவுப் பணியைச் செய்யும் 'ராப்' நிறுவனத்தின் சேகரிப்பு நிலையங்கள் இதற்காக உள்ளன. புதியதை வாங்கும் கடை, அதே வகைப் பழையதை இலவசமாக ஏற்க வேண்டும் என்ற விதி 2010 முதல் நடைமுறையில் உண்டு. 400 சதுர மீற்றருக்குக் குறையாத விற்பனைத் தளம் உள்ள பெரிய இலத்திரனியல் கடைகள், 25 சென்ரிமீற்றருக்கு மேற்படாத சிறு கருவிகளை, நாம் எதையும் வாங்காவிட்டாலும், இலவசமாக ஏற்க வேண்டும் என்பது 2016ஆம் ஆண்டு ஒழுங்கு. தொலைபேசிகளும் வெளி வட்டுகளும் இதில் அடங்கும். ஆனால் கையேற்பவர் துடைத்துத் தருவார் என்று எண்ணி இருந்துவிட வேண்டாம். மேலே சொன்ன 2008 அறிவுறுத்தல் இந்தக் கழிவைப் பற்றியதே. கருவியைக் கழிப்பவர், அதிலிருந்த பிறர் விபரங்கள் வேறொருவர் கைக்குப் போகாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதே அதன் சாரம்.

கடைக்காரருக்கும் சங்கங்களுக்கும்

வீட்டுக் கணனியில் உள்ள சொந்த விடயங்களுக்கு ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பொருந்தாது. கடைக்கும் சங்கத்துக்கும் அது பொருந்தும். 2018 மே 25 முதல் நடைமுறையில் உள்ள அச்சட்டம், பிறர் விபரங்களை வைத்திருப்பவர் அவற்றைப் பாதுகாக்கவும், தேவை முடிந்ததும் அழிக்கவும் கடமைப்பட்டவர் என்கிறது. பணம் அனுப்பும் கடை, பயணச்சீட்டுக் கடை, பத்திரம் நிரப்பிக் கொடுக்கும் இடம் ஆகியவற்றை நடத்தும் நம்மவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும். பிரதி எடுக்கும் பெரிய இயந்திரங்களுக்குள்ளும் ஹாட் டிஸ்க் இருப்பதுண்டு. அமெரிக்காவில் ஒரு காப்புறுதி நிறுவனம், வாடகைக்கு எடுத்த பிரதி இயந்திரங்களைத் துடைக்காமல் திருப்பிக் கொடுத்ததற்காக 2013இல் பன்னிரண்டு இலட்சம் டொலருக்கு மேல் செலுத்த நேர்ந்தது.

சங்கத்தைப் பொறுத்தவரை விடயம் இன்னும் நுட்பமானது. ஒருவரின் சமயத்தை வெளிப்படுத்தும் விபரத்தை அச்சட்டம் தனிப் பாதுகாப்புக்குரிய வகையில் சேர்த்திருக்கிறது. இந்து சங்கத்தின் அங்கத்தவர் பட்டியல் என்றாலே, அதில் உள்ள ஒவ்வொரு பெயரும் அந்த வகைக்குள் வந்துவிடுகிறது. அர்ச்சனைப் பட்டியலில் பெயரும் நட்சத்திரமும், திருவிழா உபயகாரர் பட்டியலில் தொலைபேசி இலக்கமும் தொகையும், சமயப் பாடசாலைப் பட்டியலில் பிள்ளைகளின் வயதும் விலாசமும் இருக்கின்றன. செயலாளரும் பொருளாளரும் மாறும்போது, பொறுப்போடு இந்தக் கோப்புகளும் முறையாகக் கைமாற வேண்டும். பழைய செயலாளரின் சொந்தக் கணனியிலும் பென் டிரைவிலும் மிஞ்சியவை துடைக்கப்பட வேண்டும். இதைக் கணக்கறிக்கையைப் போலவே ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஒரு வரியாகப் பதிவு செய்யும் வழக்கத்தைச் செயற்குழு ஏற்படுத்துமாறு இப்பகுதி வேண்டிக்கொள்கிறது. யாரையும் சந்தேகித்து இதைச் சொல்லவில்லை. கோயில் உண்டியலை இருவர் முன்னிலையில் எண்ணுவதும் சந்தேகத்தாலா? அது முறை; அவ்வளவே.

இளைஞர்களுக்கும் ஒரு வேண்டுகோள். இந்த வேலை உங்களுக்கு அரை மணி நேர அலுவல்; மிச்சத்தைக் கணனி பார்த்துக்கொள்ளும். உங்கள் பெற்றோருக்கும் அயலில் உள்ள முதியோருக்கும் இதைச் செய்து கொடுங்கள். ஆனால் உரியவரைப் பக்கத்தில் இருத்தி, என்ன போகிறது, என்ன இருக்கிறது என்று காட்டிச் செய்யுங்கள். அவர்கள் சம்மதம் இல்லாமல் ஒரு படத்தையும் அழிக்க வேண்டாம். இத்தாலிய மொழி தெரிந்த காரணத்தால் சிறு வயதிலேயே பலரின் பத்திரங்களைப் பார்த்துப் பழகியவர்கள் நீங்கள். அந்தப் பத்திரங்களை முறையாக முடித்து வைப்பதும் உங்கள் கையில்தான் இருக்கிறது.

சுருக்கமாகச் சொன்னால், முதலில் படி, பிறகு துடைப்பு, கடைசியில் கொடுப்பு. இந்த வரிசை மாறக் கூடாது. அலுமாரியின் அடித்தட்டைத் திறக்க நல்ல நாள் பார்க்க வேண்டியதில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமையே போதும்.